கரையோரமாய் வடக்கே

வெள்ளவத்தை
10.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகம். மழை விட்டுவிட்டதால் உங்கள் முழங்கால் நோவும் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் கடிதமா என்று தபால்கந்தோரில் இருந்த பெண் சிரித்தாள். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். ஆனால் போன மாதம் நீங்கள் சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. "எனக்குப் போன் எடுக்காதை தம்பி. மணி அடிச்சால் என்ர பிள்ளை ஹரிசன்தான் எண்டு ஓடுறன். உன்ர குரலைக் கேட்டவுடன உன்னிலை கோவம் வருது. எனக்கு உன்னிலை கோவிக்க விருப்பமில்லை." ஆகவே இனி எழுதுகிறேன்.

டிசம்பரோடு எனக்கு ஓய்வு. முப்பத்திரண்டு வருடம் மேசையில் குனிந்து இந்த நாட்டின் கரையை வரைபடமாக வரைந்தவன், வரைந்த இடங்களில் பாதியைக் கண்ணால் கண்டதில்லை. ஹரிசன் பயணக் கம்பனியில் வேலை செய்தபோது, பயணிகளை ஆறுதலாக நடத்திக் கூட்டிப்போக ஒரு கொப்பியில் வழி எழுதி வைத்திருந்தான், ஞாபகமா? வத்தளைக் கால்வாயில் தொடங்கி நீர்கொழும்பு, உடப்பு, கற்பிட்டி. வாகனத்தில் ஓடக் கூடாது. ஓர் ஊரில் வாரக்கணக்கில் தங்க வேண்டும். அந்த ஊர்ச் சோற்றைத் தின்று, கோட்டையும் கோயிலும் பறவையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை இரண்டு வெளிநாட்டுப் பெண்களை அப்படி அழைத்துப் போனான். அடுத்த மாதம் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. பிறகு கொரோனா. பிறகு கம்பனியே இல்லை.

அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளபடியே போய்ப் பார்க்கப் போகிறேன். இந்த மாதக் கடைசியில் புறப்பாடு. தங்கும் இடத்து முகவரிகளை எழுதுவேன். இரண்டு வரியாவது பதில் போடுங்கள்.

அன்புத் தம்பி
சிவம்

கொட்டாஞ்சேனை
18.01.2025

அன்புத் தம்பி சிவத்துக்கு,

அக்கா எழுதுவது. இருக்கிறேன். முழங்கால் அப்படியேதான். மூன்று மாடி ஏறிவந்து கதவைத் திறக்கும்போது உள்ளே யாரும் எழும்பி வரும் சத்தம் கேட்காது. நோவு அதற்குப் பிறகுதான் தெரிகிறது.

போய்ப் பார்த்துவிட்டு வா. நீ கலியாணமும் கட்டவில்லை. கந்தோரும் வீடும் என்றே இருந்துவிட்டாய். உனக்கும் ஒரு சந்தோஷம் வேண்டும்தான்.

ஆனால் அந்தக் கொப்பி உன்னிடம் எப்படி வந்தது? அவனுடைய மேசை லாச்சியை நான் எத்தனை தரம் கொட்டித் தேடியிருப்பேன். உனக்குத் தந்ததாக நீ ஒருநாளும் சொல்லவில்லை. பார்த்து முடிந்ததும் எனக்குத் தர வேண்டும்.

மயூரி கனடாவுக்கு வந்துவிடச் சொல்லிக் கரைச்சல் கொடுக்கிறாள். "உன்ர தம்பி வந்தால் கதவு பூட்டியிருக்குமே மகள்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். நான் பிழையாகவா சொன்னேன்?

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் தொப்பி போடு.

அக்கா
கனகேஸ்வரி

நீர்கொழும்பு
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நலம். காலில் இரண்டு கொப்புளங்கள், அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் வருகிற நீர்கொழும்புக்கு நான் மூன்று நாள் எடுத்தேன். வெள்ளைக்காரன் வெட்டிய கால்வாய் வத்தளையிலிருந்து கடலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஒரு பக்கம் குடிசைகள், பின்கதவுப் படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. மறுபக்கம் தென்னையும் புதரும். கபரக்கொய்யா உடும்பு ஒன்று, என்னளவு நீளம், பாதையைக் கடக்கும்வரை காத்து நின்றேன். அதற்கு அவசரமில்லை, எனக்கும் இல்லை. நீர்க்காகங்கள் கம்பங்களில் செட்டையை விரித்துக் காயப்போட்டிருந்தன. இந்த இடத்துக்கு ஹரிசன் கொப்பியில் எழுதியிருக்கிறான்: "இங்கே பத்து நிமிடம் யாரும் கதைக்கக் கூடாது." நானும் கதைக்கவில்லை. கதைக்க யாரும் இல்லை.

இங்கே ஒல்லாந்தர் கோட்டையில் வாசல் மட்டும்தான் மிச்சம். 1678 என்று மேலே செதுக்கியிருக்கிறது. உள்ளே இப்போது சிறைச்சாலை. சாப்பாட்டுப் பொதியோடு பெண்கள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். அந்தப் பெண்களைப் பார்க்க முடியாமல் கடற்கரைக்குப் போனேன். கண்ணுக்கு எட்டிய தூரம் பாய்கள் விரித்துக் கருவாடு. பெண்கள் குனிந்தபடியே ஒவ்வொரு மீனாகப் புரட்டுகிறார்கள்.

ஹெக்டர் என்பவர் வீட்டில் முன்னறை எடுத்திருக்கிறேன். வள்ளம் வைத்திருந்தவர், இப்போது கடலுக்குப் போவதில்லை. முதல் நாள் என்னை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, நீங்க சுத்திப் பாக்க வந்த ஆள் இல்ல. சுத்திப் பாக்க வாறவங்க கடலப் பாத்துச் சிரிப்பாங்க." அன்று இரவே கதைத்து நன்றாகப் பழகினோம்.

மருந்தை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் தம்பி
சிவம்

கொட்டாஞ்சேனை
21.02.2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாயிரு. கொப்புளத்தை உடைக்காதே, தானாக வற்ற விடு.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை சிவன் கோயில். யாரையும் கோபித்துக்கொள்ள வைக்கவில்லை. போன செவ்வாய் ஒரு தாய் எனக்குப் பக்கத்தில் இருந்து சிங்களத்தில் அழுதாள். அவளுடைய மகனும் ஹரிசன் காணாமற் போன அந்த வருடம்தான் போனானாம். எங்கே போனான் என்று கேட்டேன். கையை மேலே தூக்கிக் காட்டினாள். எனக்கு அது விளங்கவில்லை, விளங்க விடவும் இல்லை. எழும்பி வந்துவிட்டேன்.

ஹெக்டரோடு நன்றாகப் பழகினோம் என்று ஒரு வரியில் நிறுத்திவிட்டாய். என்ன கதைத்தீர்கள்? அவருக்குப் பிள்ளைகள் உண்டா? நீ சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய நாட்களில்தான் இப்படிக் கால்வாய், கொக்கு, குருவி என்று நீளமாகச் சொல்லுவாய்.

அக்கா

உடப்பு
23.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். பதில் எழுதப் பிந்திவிட்டது. முன்னேஸ்வரத்தில் உங்கள் பெயருக்கும் மயூரி பெயருக்கும் அர்ச்சனை செய்தேன். ஹரிசனுக்கும் செய்யச் சொன்னபோது ஐயர் நட்சத்திரத்தைக் கேட்டார். எனக்கு நாக்குப் புரளவில்லை. பெயரை மட்டும் சொன்னேன்.

உடப்பு உங்களுக்குப் பிடிக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அலையடிக்காத களப்பு நீர், நடுவில் ஒரு கீற்று மணலில் முழுக்க முழுக்கத் தமிழ்ச் சனம். திரௌபதை அம்மன் கோயிலை விட்டால் மற்றதெல்லாம் மீன். விடிய நாலரைக்கு வலை வளைக்கிறார்கள். கரையில் இரண்டு வரிசையாக நின்று பாடிக்கொண்டே இழுக்கிறார்கள். நானும் ஒருநாள் கயிற்றில் கை வைத்தேன். உள்ளங்கைத் தோல் போய்விட்டது. வலையின் மடி கரைக்கு வரும்போது எல்லோரும் ஓடிப்போய்ப் பார்க்கிறார்கள். எனக்கு மட்டும் கிட்டப் போகப் பயமாக இருந்தது.

கரையிலிருந்த முதியவரிடம் கார்த்திகை மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "வடக்கத்தான் இழுக்கும். தெக்க வுழுந்தது எதுவா இருந்தாலும் கற்பிட்டிப் பக்கம் போய் ஒதுங்கும்" என்றார். வரைபடம் வரைந்தவனுக்கு இதெல்லாம் அறிய ஒரு ஆசை.

ஹெக்டரைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரே மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். மருமகன் வெளியூரில்.

சித்திரையில் கற்பிட்டிக்குப் போகிறேன். முகவரி கீழே இருக்கிறது.

தம்பி
சிவம்

கொட்டாஞ்சேனை
04.04.2025

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிறேன்.

நீ போகிற இடமெல்லாம் கடற்கரையாகவே இருக்கிறது. நுவரெலியாவில் இப்போது பூ பூக்கிற காலம். அங்கே போகலாமே.

கார்த்திகை மாதத்து நீரோட்டத்தைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

அக்கா

கற்பிட்டி
04.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்டபடி அதைப் பற்றி எழுதவில்லை. உடம்பு பரவாயில்லை. கொஞ்சம் மெலிந்துவிட்டேன் என்று நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி சொல்கிறார்.

வீட்டுக்காரி ஹமீமா, கணவரை இழந்தவர். அண்ணன் முறை வைத்து என்னை நானா என்றுதான் கூப்பிடுகிறார். "நானா, வெயில்ல நிக்காதீங்க, உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடிங்க." மதியம் மீன் ஆணமும் சோறும். ஊர்த் தெருவில் கழுதைகள் ஆட்களைப் போல ஓரமாக நின்று யோசிக்கின்றன. களப்பின் கண்டல் காட்டுக்குள் தோணியில் போனால் நீர் பச்சைக் கண்ணாடி போலக் கிடக்கிறது.

ஒல்லாந்தர் கோட்டையில் கடற்படை இருக்கிறது. ஒரு சிப்பாய் கூடவே வந்து காட்டினான். பக்கத்தில் ஒல்லாந்தர் தேவாலயம். தரையில் கல்லறைக் கற்கள். கப்பலில் வந்து காய்ச்சலில் செத்தவர்கள், பிரசவத்தில் செத்த பெண்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, பிறந்த ஊர், செத்த நாள், எல்லாம் வெட்டியிருக்கிறது. முந்நூறு வருடமாகியும் அவர்கள் யார் என்று தெரிகிறது. அந்தத் தரையில் நெடுநேரம் இருந்துவிட்டேன்.

அக்கா, இன்னொன்று. ஹரிசன் ஏ.எல். படிக்கும்போது கிரிக்கெட் ஆடி விழுந்து, முழங்காலுக்குக் கீழே தகடு வைத்தார்கள் அல்லவா? நான் அப்போது திருகோணமலைக் கந்தோரில். அது எந்தக் கால்? நேற்று நொண்டி நடக்கும் ஒருவரைக் கண்டேன். சும்மா ஞாபகம் வந்தது.

பதில் போடுங்கள்.

சிவம்

கொட்டாஞ்சேனை
11.06.2025

அன்புத் தம்பிக்கு,

நான் நல்ல சுகம். முழங்கால் நோவும் இப்போது இல்லை. ஊரெல்லாம் மாம்பழம். கீழ்வீட்டுக்காரர் ஒரு கூடை தந்தார்கள். மயூரிக்குச் சம்பள உயர்வு. எல்லாம் நன்றாக இருக்கிறது.

வலது கால்.

நீ இனி வீட்டுக்கு வரலாம்.

அக்கா

கற்பிட்டி
20.06.2025

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் ஆறு வாரம் கழித்து வந்தது. வாசலில் நின்றே பிரித்தேன். 'வலது கால்' என்று கண்டதும் அந்த இடத்திலேயே மணலில் இருந்துவிட்டேன். ஹமீமா தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். சந்தோஷத்தில் அழுதேனா என்று எனக்கே தெரியாது. இனி உங்களுக்கு எதையும் ஒளிக்க என்னால் முடியாது. கதிரையில் உட்கார்ந்து வாசியுங்கள்.

நான் ஊர் பார்க்க வரவில்லை. பிள்ளையைத் தேடி வந்தேன்.

ஹெக்டரின் மருமகன் வெளியூரில் இல்லை. 2022 நவம்பரில் ஒரு கள்ளப் படகு தூரக் கடலில் உள்ள பிரெஞ்சுக்காரரின் தீவுக்கு என்று புறப்பட்டது. அதில் அவர் போனார். நீர்கொழும்புக்கு வடக்கே ஒரு பெயரில்லாத கரையில் ஆட்களை ஏற்றினார்கள். நாலாம் நாளுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. டிசம்பர் முதல் வாரம் கற்பிட்டிக்கு அப்பால் உள்ள திட்டு ஒன்றில் ஓர் உடல் ஒதுங்கியதாக மீன்காரர்கள் சொல்ல, ஹெக்டர் வந்து பார்த்திருக்கிறார். "எங்கட மருமகன் கட்டை ஆள் ஐயா. இது நெடுவல். எங்கட ஆள் இல்ல. ஆனா ஆரோ ஒரு தாய்ட புள்ள" என்றார்.

அதைக் கண்டெடுத்தவன் ரிம்ஸான், களப்பில் தோணி ஓட்டுபவன். என்னை அந்தத் திட்டுக்குக் கூட்டிப்போனான். ஒரு முழங்கால் உயரத்துக்குப் புல். ஆலாப் பறவைகள் முட்டையிட்டு வைத்திருந்தன. மிதிக்காமல் நடக்கச் சொன்னான். "முகம் இல்ல ஐயா. மையத்து கன நாள் தண்ணிக்குள்ள இருந்திரிக்கி. எந்தச் சமயம் எண்டும் தெரியா. அதால ஊர்ப் பொது மயானத்தில அடக்கி, பேர் எழுதாம ஒரு பலகை நட்டேன். போறப்ப வாறப்ப நிண்டு பாத்திட்டுப் போறது." ஊர்க் கந்தோரில் திடீர் மரண விசாரணை அறிக்கையைக் காட்டினார்கள். இளைஞர். ஐந்தடி பத்தங்குலம். இடது முழங்காலுக்குக் கீழே உலோகத் தகடு, ஆறு ஆணிகள்.

நீங்கள் வலது என்று எழுதிவிட்டீர்கள். ஆகவே அவன் நம் பிள்ளை இல்லை. நான் இன்னும் வடக்கே, மன்னார் வரை போகிறேன்.

ஆனால் அதற்கு முன் இதைச் சொல்ல வேண்டும். ஹரிசன் அந்தப் படகில்தான் போனான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அனுப்பியவன் நான்.

அந்த வருடம் அவன் எப்படி இருந்தான் என்று நீங்களும் கண்டீர்கள். விடிய சமையல் காஸ் வரிசை, பின்னேரம் கட்டில். நாலு வரி கதைக்க மாட்டான். என்னோடு வேலை செய்த ஒருவரின் மைத்துனர் ஆட்களை அனுப்புகிறார் என்று அறிந்து, நான்தான் கூட்டிப்போய் அறிமுகம் செய்தேன். நீங்கள் பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்தது தெரியும். இதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை என்று சொன்னதும் நான்தான். "அம்மாட்டை சொல்லாதை, போய்ச் சேர்ந்தாப் பிறகு நான் சொல்லுறன்" என்றேன். படகு புறப்பட்ட அன்று விடிய வத்தளையில் வெள்ளை வான் ஒன்றில் ஏற்றிவிட்டேன். இறங்கி வந்து கொப்பியை என் கையில் தந்தான். "மாமா, இது நனைஞ்சு போகும், நீங்க வச்சிருங்கோ" என்றான். சிரித்துக்கொண்டுதான் ஏறினான்.

பத்து நாளில் எனக்கு விளங்கிவிட்டது. நீங்கள் பொலிசில் 'கொட்டாஞ்சேனையிலிருந்து காணாமற் போனார்' என்று எழுதிக் கொடுத்தபோது உங்கள் பக்கத்தில் நின்றவன் நான். அப்போது வாயைத் திறந்திருந்தால் ஒதுங்கிய ஒவ்வொரு உடலோடும் அவனை ஒப்பிட்டிருப்பார்கள். நான் திறக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயம், சிறைக்குப் பயம். இரண்டரை வருடம்.

ஹமீமாவுக்கு அவன் படத்தைக் காட்டினேன். "இந்தப் புள்ள எங்கட ஊட்டுல சோறு திண்டவன் நானா! வெள்ளக்காரப் பொம்புள ரெண்டு பேரோட வந்தவன். அவங்களுக்கு மீன் முள்ளு எடுத்துக் குடுத்தவன்" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டார்.

கொப்பியை உங்கள் கையில் சேர்ப்பேன்.

சிவம்

கொட்டாஞ்சேனை
29.07.2025

சிவபாதசுந்தரத்துக்கு,

இடது கால்தான்.

நான் பொய் எழுதினேன். நீ ஏன் கேட்கிறாய் என்று கடிதம் வந்த அன்றே தெரியும். சும்மா ஞாபகம் வந்ததென்று எழுதியிருந்தாய். ஐந்து வாரம் அந்தக் கேள்வியோடு படுத்து எழும்பினேன். வலது என்று எழுதிவிட்டால் அங்கே கிடப்பது வேறு யாருடைய பிள்ளையோ ஆகிவிடும். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னும் பத்து வருடம் இருக்கலாம். எழுதித் தபாலில் போட்டு வந்த அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

இடது கால். முழங்காலுக்கு நாலு விரல் கீழே. தையல் பிரித்த பிறகு இரண்டு மாதம் அந்த இடத்துக்கு நான்தான் நல்லெண்ணெய் பூசினேன். "கூசுது அம்மா" என்று காலை இழுப்பான்.

கடலில் போனான் என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? அந்த வருடம் பிள்ளைகள் எப்படிப் போனார்கள் என்று கொச்சிக்கடைக் கோயிலில் ஒவ்வொரு செவ்வாயும் கேட்டேன். ஆனால் யார் கூட்டிப்போனார் என்று தெரியாது. உன்னை நினைக்கவேயில்லை. வயது வந்த பிள்ளை. நீ இல்லாவிட்டால் வேறொருவனோடு போயிருப்பான். அனுப்பியதைக்கூட ஒருநாள் நான் விழுங்கிவிடலாம்.

என்னால் விழுங்க முடியாதது வேறு. பிறகு வந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ என் மேசையில் சாப்பிட்டாய். போன் அடிக்கும்போது நான் கறிக் கையோடு ஓடுவேன். நீ இருந்த இடத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அவன் இல்லை அக்கா, இருங்கோ" என்று ஒருநாள், ஒரே ஒருநாள் சொல்லியிருக்கலாம். திரும்பி வந்து உட்காருவேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாய்.

பிள்ளை ஒரு பலகைக்குக் கீழே கிடந்தான். ஊர் பேர் தெரியாத ஒருவன் போக வர நின்று பார்த்திருக்கிறான். பெற்றவள் பார்க்கவில்லை.

ஓகஸ்ட் ஒன்பதாந் திகதி நான் கற்பிட்டிக்கு வருகிறேன். நான் வரும்போது நீ அங்கே நிற்கக் கூடாது.

கனகேஸ்வரி

கற்பிட்டி
08.08.2025
(ஹமீமா கையில் கொடுத்தது)

அக்காவுக்கு,

நான் நிற்கவில்லை. நாளை விடியமுன் பஸ்ஸில் புறப்பட்டுவிடுவேன். பொலிசில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். படகுக்கு ஆள் சேர்த்தவரின் பெயரும் என் பெயரும் அதில் இருக்கின்றன. குழியைத் திறந்து பரிசோதிக்க நீதிமன்றத்தில் கேட்பார்களாம். ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் எச்சில் மாதிரி எடுப்பார்கள். நோகாது.

வழி எழுதுகிறேன். நீங்கள் களைத்து வந்திருப்பீர்கள். அன்றைக்கே போக வேண்டாம். ஹமீமா வீட்டில் படுத்துவிட்டு, காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள். ஆட்டோ வேண்டாம், பாதை குலுக்கி எடுக்கும். உங்கள் முழங்காலுக்கு நடைதான் நல்லது. மெதுவாக நடந்தால் அரை மணி நேரம்.

வாசல் படலையால் இறங்கி இடது கைப் பக்கம் திரும்புங்கள். கொஞ்சத் தூரத்துக்குத் தென்னந்தோட்டத்து வேலி நிழல் தரும். வேலி முடிகிற இடத்தில் ஒரு பொதுக் கிணறு. அதன் கட்டின் மேல் ஒருமுறை உட்கார்ந்து எழும்புங்கள், அதற்குப் பிறகு உட்கார இடமில்லை. அங்கிருந்து களப்பு வலது பக்கம் தெரியும். காலையில் கொக்குகள் நிற்கும். மணல் புதையும், ஆகவே கரையை ஒட்டி ஈரமான பக்கமாக நடவுங்கள். கழுதைகள் ஒன்றும் செய்யாது.

மயானத்துப் படலை துருப்பிடித்தது, தூக்கித் தள்ள வேண்டும். நீங்கள் தூக்காதீர்கள், ரிம்ஸான் அங்கே நிற்பான். பேசாமல் நிற்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளே போனதும் மூன்றாவது வரிசை. பூவரசு மரத்துக்கு இந்தப் பக்கம். பலகை இருப்பது தலைமாடு.

ஒன்பது மணிக்குப் பிறகு அங்கே வெயில் தாங்காது. அதற்கு முன் திரும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமோ இருங்கள். ரிம்ஸான் குடை வைத்திருப்பான்.

கொப்பி மேசையில் இருக்கிறது.

சிவம்

கொட்டாஞ்சேனை
16.10.2025

தம்பி சிவத்துக்கு,

நீ வெள்ளவத்தை வீட்டில்தான் இருக்கிறாய் என்று மயூரி சொன்னாள். வாராவாரம் பொலிசில் கையெழுத்து வைக்கிறாயாம். சாப்பிடுகிறாயா என்று அவள் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

நான் போனேன். நீ எழுதிய வழியே நடந்தேன். பன்னிரண்டு மணிவரை இருந்தேன். அந்தப் பொடியன் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல் பேசாமல் நின்றான். திரும்பும்போது மட்டும், "உம்மா, இனி இங்க பேர் எழுதலாமா?" என்று கேட்டான். "இன்னும் எழுதாதை ராசா, சோதினை முடியட்டும்" என்றேன். அவனை ராசா என்று கூப்பிட்டுவிட்டேன். ஹரிசனைத்தான் அப்படிக் கூப்பிடுவேன்.

புரட்டாதியில் குழியைத் திறந்தார்கள். போன திங்கட்கிழமை முடிவு வந்தது. அவன்தான். கடிதத்தில் என்னைத் 'தாய்' என்றும் அவனை 'இல' போட்டு ஒரு எண்ணாகவும் எழுதியிருந்தார்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நான் பேனையால் அவன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

கொழும்புக்குக் கொண்டுவர அனுமதி கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, 26ஆம் திகதி, பத்து மணிக்குக் கனத்தை மயானத்தில். மயூரியும் வருகிறாள். ஹெக்டர் என்ற அந்த மனிதர் மகளோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்களுக்கு எடுத்து எரிக்க ஒன்றுமில்லை, இங்கே வந்து அழட்டும்.

ஐயர் விபரம் கேட்க வந்தார். "தகப்பன் இல்லை எண்டு சொல்லுறியள். சகோதரமும் பொம்பிளைப்பிள்ளை. அப்ப கொள்ளி வைக்கிறது ஆர்?" என்றார். நான் எழும்பிப் போய் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன். பிறகு, "தாய்மாமன் இருக்கிறார்" என்று சொன்னேன். ஐயர் அதை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியாது. அன்றைக்கு என் பக்கத்தில் வந்து நிற்காதே, என்னோடு கதைக்காதே. ஆனால் சின்னதில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு காலிமுகத்திடல் முழுக்க நடந்தவன் நீ. அவனுக்கு வேறு மாமன் இல்லை.

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கே வந்துவிடு. காலையில் ஒன்றும் தின்னாதே. ஐயர் சொல்வதைக் கேட்டுச் செய். உன் கை நடுங்கக் கூடாது.

அக்கா